போய் வருகிறேன்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, பேசியதைப் பேசியவாறே எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் என் வகுப்புத் தோழர். "தொழில் விஷயமா எதுவும் வேண்டாம்ப்பா. பிள்ளைங்களுக்குப் பிரயோஜனமா ஏதாச்சும் சொல்லு" என்று கேட்டுக்கொண்டார். வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் ஜெனீவாவில் இருந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப் பக்கம் நடப்பது பழக்கமாகிவிட்டது. அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஆல்ப்ஸ் மலையில் ஒரு கணவாய்க்குப் பத்திரமாக நடந்து போய்த் திரும்புவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

இது எங்களுக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இந்தக் கல்லூரியிலிருந்து மேல்படிப்புக்கு ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று போகிறவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் பாதி மண்டபம் தூக்கும். போன முதல் கோடையிலேயே யாராவது ஒரு நண்பன் வந்து நிற்பான். "டேய், சனிக்கிழமை மலைக்குப் போறோம், நீயும் வா." நீங்களும் கேன்வாஸ் ஷூவும் ஜீன்ஸுமாகக் கிளம்பிவிடுவீர்கள். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவில் இந்தப் பேச்சு உங்கள் நினைவுக்கு வரவேண்டும். அதுதான் என் ஆசை.

கணவாய் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் என்று பூகோளப் பாடத்தில் படித்தவர்கள்தானே நாம். மலைத்தொடரில் தாழ்ந்த இடம். இந்தப் பக்கத்தவர் அந்தப் பக்கம் போக ஒரு வாசல். சிகரத்துக்குப் போகிறவன் பெருமைக்காகப் போகிறான். கணவாய்க்குப் போகிறவன் காலங்காலமாக வேலையாகத்தான் போனான். வியாபாரி, யாத்ரீகன், சிப்பாய், மாடு ஓட்டுகிறவன் எல்லாரும் போன வழி அது.

நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாய். சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்துக்கும் இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்குக்கும் நடுவில் இருக்கிறது. உயரம் 2469 மீட்டர். இந்த எண்ணைக் கேட்டதும் நம் ஆள் என்ன சொல்வான் தெரியுமா? "பூ, இவ்வளவுதானா! நம்ம ஊட்டி 2240, தொட்டபெட்டா 2637. தொட்டபெட்டாவுக்கு எங்க பாட்டி செருப்பு போட்டுக்கிட்டு ஏறிடுச்சே!"

பாட்டி ஏறியது உண்மைதான். ஆனால் ஊட்டி இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 டிகிரியில். அந்தக் கணவாய் இருப்பது 46 டிகிரியில். ஊட்டியில் மார்கழி, தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி படிந்தாலே பத்திரிகையில் படம் போடுகிறோம். அங்கே கணவாய்ச் சாலை அக்டோபரில் மூடினால் திறப்பதற்கு ஏறக்குறைய ஜூன் மாதம் ஆகிவிடும். ஆகஸ்ட் மாதத்திலும் திடீரென்று ஒரு நாள் பனி பெய்யலாம். மரம் வளர்வது கணவாய்க்கு வெகு கீழேயே நின்றுவிடுகிறது. மேலே புல்லும் பாறையும்தான். ஆக, மீட்டர் கணக்கை மட்டும் வைத்து மலையை எடை போடக்கூடாது.

கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன்; சரித்திரப் பேராசிரியர் முன்வரிசையில் இருக்கிறார், தைரியம் வேண்டும். ரோமானியர் காலத்தில் அந்தக் கணவாயில் ஜூப்பிடர் தெய்வத்துக்கு ஒரு கோயில் இருந்தது. அங்கே தோண்டியபோது பயணிகள் காணிக்கையாக வைத்த சிறு வெண்கலத் தகடுகள் பல கிடைத்தன. நம்மூரில் வேண்டுதல் நிறைவேறினால் வெள்ளியில் கண்மலர், கால் என்று சாத்துகிறோம் அல்லவா, அந்த மாதிரி. சில தகடுகளில் எதற்காகக் காணிக்கை என்றும் பொறித்திருக்கிறார்கள். போனதற்கும், திரும்பி வந்ததற்கும் என்று. சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆள், தெய்வத்திடம் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறான்.

இதை அங்கே காட்சிக்கூடத்தில் பார்த்தபோது எனக்கு நம் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. வாசல்படி தாண்டும்போது "போறேன்" என்றால் அம்மா விடமாட்டார்கள். "போய்ட்டு வர்றேன்னு சொல்லுடா" என்பார்கள். நான் இன்று சொல்லவந்தது மொத்தமும் அந்த ஒரு திருத்தத்தில் அடங்கிவிடும். கணவாய் என்பது பயணத்தின் முடிவு அல்ல, பாதி வழி. திரும்பி வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டவன் பத்திரமாக வருகிறான்.

திரும்பி வராதவர்கள் அங்கே ஏராளம். 1050-ஐ ஒட்டி பெர்னார்ட் என்ற துறவி அந்தக் கணவாயின் உச்சியில் ஒரு சத்திரம் கட்டினார். கொள்ளைக்காரர்களிடமும் பனியிடமும் சிக்கித் தவித்த வழிப்போக்கர்களுக்காகக் கட்டியது. அது இன்றைக்கும் நடக்கிறது, வருஷம் முழுதும். கணவாய்க்குக் கீழே சுவிஸ் பக்கத்தில் ஒரு குறுகலான பள்ளம் இருக்கிறது. அதன் பெயரே செத்தவர் பள்ளம். சத்திரத்தை ஒட்டி முன்பு ஒரு பிணவறையும் இருந்தது. தரை பாறையும் உறைபனியுமாக இருந்ததால் புதைக்க முடியாது. யாராவது உறவினர் வந்து அடையாளம் காட்டினால் காட்டட்டும் என்று, பனியில் கிடைத்த உடல்களை அங்கே வைத்திருந்தார்கள்.

1800-ஆம் ஆண்டு மே மாதம் நெப்போலியன் சுமார் 40,000 பேர் கொண்ட படையோடு இந்த வழியாகத்தான் இத்தாலிக்குள் இறங்கினார். பீரங்கிகளைக் கழற்றி, குடைந்த மரத்தடிகளுக்குள் வைத்துப் பனியில் இழுத்துப் போனார்கள். ஓவியர் தாவீத் வரைந்த படத்தில் நெப்போலியன் பாயும் குதிரையின் மேல் இருப்பார். உண்மையில் அவர் ஏறிப் போனது ஒரு கோவேறு கழுதையின் மேல். உள்ளூர் ஆள் ஒருவர் பிடித்து நடத்திப் போனார். சக்கரவர்த்தி ஆகப்போகிறவரே அங்கே கௌரவம் பார்க்கவில்லை. மலை தெரிந்தவன் சொன்னபடி, அவன் காட்டிய கால்நடையில் போனார். மாணவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. பொறியியல் படித்தவர்கள் நிமிர்ந்து உட்காரலாம்.

மார்ட்டினி என்ற ஊரிலிருந்து மேலே போகும் வழியில் பூர் சேன் பியேர் என்று ஒரு கிராமம். உயரம் 1632 மீட்டர். அங்கிருந்து தூல் நீர்த்தேக்கத்தின் ஓரமாக நடந்து, சுரங்கச் சாலையின் வாயிலைத் தாண்டி, செத்தவர் பள்ளத்தின் வழியாகக் கணவாய்க்கு ஏறலாம். தூரம் ஏறக்குறைய 12 கி.மீ. ஏற்றம் 837 மீட்டர். ஆல்ப்ஸில் புழங்கும் ஒரு கணக்கு இப்படி: தட்டையான தூரத்துக்கு மணிக்கு 4 கி.மீ. என்று ஒரு நேரம் போடு. ஏற்றத்துக்கு மணிக்கு 300 மீட்டர் என்று இன்னொரு நேரம் போடு. இரண்டில் பெரியதை முழுதாக எடுத்துக்கொள். சிறியதில் பாதியைச் சேர். நமக்கு 3 மணியும் 2.8 மணியும் வருகிறது. மூன்றோடு 1.4 சேர்த்தால் நாலரை மணி நேரம். இறங்கும்போது மணிக்கு 500 மீட்டர் என்று வைத்தால் சுமார் நாலு மணி. ஆக, எட்டரை மணி நேரம் வெறும் நடை. சாப்பிட, தண்ணீர் குடிக்க, படம் எடுக்க ஒன்றரை மணி. மொத்தம் பத்து மணி நேரம்.

அங்கே மஞ்சள் நிறத்தில் வழிகாட்டிப் பலகைகள் வைத்திருப்பார்கள். ஊர் பெயரும் நேரமும் போட்டிருக்கும். அந்த நேரத்தில் ஓய்வு சேர்க்கப்படவில்லை என்பது முக்கியம். பலகையில் நாலரை மணி என்றால் நமக்கு ஐந்தரை.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பன்னிரண்டரைக்கு மேலே இருக்கலாம். பத்து மணிக்குக் கிளம்பினால் என்ன ஆகும், நீங்களே போட்டுப் பாருங்கள். அதனால் என் குழுவில் ஒரு சட்டம் வைத்திருந்தோம். மதியம் ஒரு மணிக்குக் கணவாயில் இல்லையென்றால், எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும். கணவாய் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரிதான். இந்த நேரத்தை முந்தின நாள் இரவே, கீழே, வயிறு நிறைந்து அமைதியாக இருக்கும்போது முடிவு செய்து எல்லாரும் அறியச் சொல்லிவிட வேண்டும். மேலே போனபிறகு முடிவெடுக்க உட்கார்ந்தால் "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்ற பேச்சுத்தான் ஜெயிக்கும்.

பத்து மணி நேரம் முடியாது என்றால் வேறு வழி இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லிவைத்துச் சத்திரத்திலேயே இரவு தங்கலாம். கோடை மாதங்களில் கணவாயிலிருந்து பேருந்தும் உண்டு. நாளுக்குச் சில நடைதான். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவைத்துக்கொண்டு ஏறுங்கள். கோடையில் சாலை பாதைக்கு அருகிலேயே ஏறுவதால்தான் முதல் கணவாய்க்கு இதைச் சிபாரிசு செய்கிறேன். இதில் பழகியபின் பக்கத்திலேயே கிரான் கொல் ஃபெரே இருக்கிறது, 2537 மீட்டர். அங்கே சாலையே கிடையாது.

அடுத்தது காலம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை நல்ல மாதங்கள். ஜூன் மாதம் கீழே பூ பூத்திருக்கும். மேலே செத்தவர் பள்ளத்தில் பழைய பனி கிடக்கும். கீழே இருக்கும் வெயிலைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. நூறு மீட்டர் ஏறினால் சராசரியாக 0.65 டிகிரி குறையும். மார்ட்டினி இருப்பது 471 மீட்டரில். அங்கிருந்து கணவாய் சுமார் 2000 மீட்டர் உயரம், அதாவது 13 டிகிரி குளிர்ச்சி. கீழே 28 என்றால் மேலே 15. மழை வந்தால் அது 5 ஆகிவிடும். கணவாய் ஒரு புனல் மாதிரி. இரண்டு பக்கக் காற்றும் அந்த இடுக்கு வழியாகத்தான் பாய வேண்டும். 5 டிகிரியில் மணிக்கு 40 கி.மீ. காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 1 போல இருக்கும். துணியும் நனைந்திருந்தால் சொல்ல வேண்டியதே இல்லை.

கணவாய்க்கு இன்னொரு குணம் உண்டு. எதிர்ப்பக்கத்து வானிலை மேலே போய்ச் சேரும் வரை உங்களுக்குத் தெரியாது. இத்தாலிப் பக்கத்தில் மேகம் கறுத்துக் குவிந்துகொண்டிருக்கும்; நீங்கள் சுவிஸ் பக்கத்தில் நீல வானத்தின் கீழ் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுவீர்கள். ஆகையால் முந்தின நாள் மாலையும் புறப்படும் காலையும் சுவிஸ் வானிலை நிலையத்தின் அறிக்கையைப் பார்க்க வேண்டும். பிற்பகலில் இடி என்று போட்டிருந்தால் பிற்பகலில் நீங்கள் உயரத்தில் இருக்கக்கூடாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும்.

உடை விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பருத்தி நம் ஊருக்குத் தெய்வம். அங்கே அதைத் தவிர்த்துவிடுங்கள். வியர்வையிலோ மழையிலோ நனைந்த பருத்தி காய்வதில்லை. உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம். உள்ளே கம்பளி அல்லது செயற்கை நூல் பனியன், மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றும் மழையும் புகாத மேல்சட்டை. ஆகஸ்ட் மாதமானாலும் குல்லாவும் கையுறையும் பையில் இருக்கட்டும். காலுக்குப் பிடிமானமுள்ள அடிப்பகுதி கொண்ட பூட்ஸ். புதிதாக வாங்கினால் ஊருக்குள் இரண்டு வாரம் போட்டு நடந்து பழக்கியபின் மலைக்கு எடுங்கள். ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். மாடு மேயும் இடத்து ஓடையைப் பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், குடிக்காதீர்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், தாராளமாக. நான் அப்படித்தான் போனேன். அதோடு ஒரு டார்ச், தாள் வரைபடம், விசில், முதலுதவிப் பொட்டலம். கைப்பேசி குளிரில் சீக்கிரம் அடங்கிவிடும். சட்டையின் உள்பையில் வையுங்கள்.

பாதையில் பாறைகளின் மேல் வண்ணம் பூசியிருப்பார்கள். மஞ்சள் அடையாளம் என்றால் யாரும் நடக்கலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப்பாதை. செங்குத்தும் குறுகலும் வரலாம், கால் பதறாமல் நடக்கத் தெரிய வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறு, பனிக்கோடரி தெரிந்தவர்களுக்கு. மாணவர்களே, நீல நிறத்தைப் பார்த்தால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். வலே மாநில மேய்ச்சல் நிலங்களில் மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும். ஓடாமல், கம்பை ஆட்டாமல், மெதுவாக மந்தையைச் சுற்றி விலகிப் போங்கள். கன்றோடு நிற்கும் மாட்டின் பக்கமும் போகவேண்டாம். நம்மூர்ப் பசு மாதிரி தடவிக்கொடுக்கத் தோன்றும், வேண்டாம்.

எல்லாவற்றையும்விடச் சாதுவாகத் தெரிவது பாதையின் குறுக்கே கிடக்கும் பனித்திட்டு. பத்தடி அகலம்தான் இருக்கும். காலையில் அது கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். அதில் வழுக்கினால் எங்கே போய் நிற்போம் என்று முதலில் கீழே பாருங்கள். கீழே புல் தரை என்றால் கைத்தடி ஊன்றி ஒவ்வொருவராகக் கடக்கலாம். பாறையோ பள்ளமோ என்றால் திரும்ப வேண்டியதுதான். மலைநடையில் உயிர் போவதற்கு முதல் காரணம் இடியோ பனிச்சரிவோ அல்ல, கால் தவறி விழுவது. அதுவும் பெரும்பாலும் இறக்கத்தில், களைத்த கால்களோடு, மனம் ஏற்கனவே ரயில் நிலையம் போய்ச் சேர்ந்துவிட்ட நேரத்தில்.

குழுவாகப் போகும்போது யார் மெதுவாக நடக்கிறாரோ அவர் முன்னால் நடக்கட்டும். நம் பையன்கள் இதற்கு ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். வேகமானவன் முன்னே ஓடி, பாறையில் உட்கார்ந்து நன்றாக இளைப்பாறி, மெதுவானவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் "போலாமா?" என்று எழுந்துவிடுவான். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது.

ஒரு ஆகஸ்ட் மாதம் நம் நாட்டு மாணவர்கள் நால்வரும் நானுமாக ஏறினோம். அறிக்கையில் மாலை நாலு மணிக்கு மேல் இடி என்று இருந்தது. பதினொன்றரைக்குச் செத்தவர் பள்ளத்தின் அடிவாரத்தில் நின்றோம். உச்சிக்கு ஒரு மணி நேர நடைதான் மிச்சம். தெற்கே கணவாய்க்கு மேலே ஒரு மேகம் காலிஃப்ளவர் மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு மின்னல். எண்ணச் சொன்னேன். இருபத்துநாலு எண்ணியதும் இடி. ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி. ஆக எட்டு கிலோமீட்டர். முப்பதுக்குள் எண்ணினால் திரும்புவது என்பது முன்னமே பேசி வைத்தது. "திரும்பலாம்" என்றேன்.

அவர்களில் ஒரு தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "சார், இன்னும் ஒரு மணி நேரம்தானே சார். அங்க ஓடிப் போய்ட்டா சத்திரம் இருக்கே. நான் அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புறேன் சார், இனி எப்ப வருவேனோ." அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அவன் சொன்னதும் நியாயம்தான். மேலே ஒரு மணி நேரம் திறந்த வெளியில் மேகத்தை நோக்கி நடக்க வேண்டும், கீழே அரை மணியில் சாலைக்குப் போய்விடலாம் என்று மட்டும் சொன்னேன். வழி நெடுக அவன் பேசவில்லை. நாங்கள் சாலையோரம் ஒதுங்கிய கால் மணி நேரத்தில் ஆலங்கட்டியோடு மழை பிடித்துக்கொண்டது. கணவாய் இருந்த திசையில் ஒன்றுமே தெரியவில்லை. அவன் கணவாயைப் பார்க்காமலேயே ஊர் திரும்பினான். இன்று அவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்கிறான். "சார், அந்த இருபத்துநாலு" என்றுதான் இன்னமும் ஆரம்பிக்கிறான்.

இடி திறந்த வெளியில் பிடித்துவிட்டால் முகடு, தனி மரம், இரும்புக் கம்பி, தண்ணீர் இவற்றை விட்டு விலகுங்கள். ஒருவரிலிருந்து ஒருவர் தள்ளி, கால்களைச் சேர்த்துக் குந்தி உட்காருங்கள். கடைசி இடி கேட்டபின் அரை மணி நேரம் பொறுங்கள்.

குளிர் ஆளைக் கொல்லும் விதம் வேறு. முதலில் நடுக்கம். பிறகு பேச்சுக் குழறும், கால் தடுமாறும், "என்னை விடுங்க, கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்" என்பார். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அதுதான் பேராபத்து. காற்றிலிருந்து மறைத்து, ஈரத்தைக் களைந்து, உலர்ந்த துணி சுற்றி, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். பிராந்தி கூடவே கூடாது. செயின்ட் பெர்னார்ட் நாய் என்றதும் கழுத்தில் பிராந்திப் பீப்பாய் கட்டிய படம்தான் நினைவுக்கு வரும். அது லாண்ட்சீர் என்ற ஆங்கில ஓவியர் 1820-இல் வரைந்த படத்தோடு பரவிய கதை. மது தோலுக்கு ரத்தத்தை ஓடவிட்டு உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும். நாய்கள் செய்தது மோப்பம் பிடித்து ஆளைக் கண்டுபிடித்தது. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்ற நாய் நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அதன் பதப்படுத்திய உடலை பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

இப்போது அந்த வேலையை ஹெலிகாப்டர் செய்கிறது. ஐரோப்பா முழுவதும் 112. சுவிட்சர்லாந்தில் மருத்துவ உதவிக்கு 144. தொலைபேசி எடுக்காத இடத்தில் விசிலோ டார்ச்சோ நிமிடத்துக்கு ஆறு முறை. ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும் ஆறு. பதிலுக்கு நிமிடத்துக்கு மூன்று வந்தால் உங்களைக் கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கையையும் விரித்து மேலே தூக்கினால் "உதவி வேண்டும்". ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் "வேண்டாம்". நம்மவர்கள் ஹெலிகாப்டரைப் பார்த்ததும் சந்தோஷத்தில் இரண்டு கையையும் ஆட்டுவார்கள், தயவுசெய்து வேண்டாம். மலை மீட்புச் செலவு ஆயிரக்கணக்கான பிராங்க் ஆகலாம். உங்கள் காப்பீட்டில் அது அடங்குமா என்று போய்ச் சேர்ந்த முதல் மாதமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயமுறுத்துவதாக நினைக்கவேண்டாம், இரண்டு செய்திகள் மட்டும். இரண்டும் அதே வலே மாநிலத்தில் நடந்தவை. 2018 ஏப்ரல் இறுதியில் பனிச்சறுக்குப் பயணம் போன 14 பேர் புயலில் வழி தவறி, இரவெல்லாம் திறந்த வெளியில் மாட்டிக்கொண்டார்கள். ஏழு பேர் இறந்தார்கள். அவர்கள் கிடந்த இடத்திலிருந்து வின்யெத் என்ற மலைக்குடில் சில நூறு மீட்டர்தான். இன்னொன்று 2025 மே 28. பிளாட்டன் கிராமத்தின் மேல் மலைப்பாறையும் பனியாறும் சரிந்து விழுந்து ஊரின் பெரும்பகுதி புதைந்துபோனது. ஆனால் அதற்குச் சில நாள் முன்பே சுமார் 300 பேரையும் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். அவர்களும் வீடு வாசலை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்தச் சரிவில் இறந்தவர் ஒருவர். உலகம் சூடாவதால் ஆல்ப்ஸின் உயரங்களில் ஆண்டு முழுதும் உறைந்திருந்த நிலம் இளகி வருகிறது. பாதை மூடப்பட்டது என்று பலகை இருந்தால், நேற்றுவரை திறந்திருந்த பாதையாயிற்றே என்று தாண்டிப் போகாதீர்கள்.

நமக்கும் இந்தத் துயரம் புதிதல்ல. 2018 மார்ச்சில் குரங்கணி மலைக்குப் போன இளைஞர்களும் இளம்பெண்களும் காட்டுத் தீயில் சிக்கியதை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்று அவர்கள் வீட்டு வாசலிலும் ஒரு தாய் நின்று வழியனுப்பியிருப்பாள்.

பெற்றோர்களே, பிள்ளை மலைக்குப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். தடுத்தால் சொல்லாமல் போவான். அது இன்னும் ஆபத்து. எந்த வழி, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாணவர்களே, அம்மா ஊரில் இருக்கிறார் என்றால் அங்கேயே உள்ள ஒரு நண்பரிடம் அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். குறித்த நேரத்துக்குத் தகவல் வராவிட்டால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்பதும் அந்தச் சீட்டில் இருக்கட்டும். இறங்கியதும் முதல் வேலையாக அவருக்குச் சொல்லுங்கள். நீங்கள் சூடாகச் சாக்லேட் குடித்துக்கொண்டிருக்கும்போது மீட்புக் குழு உங்களைத் தேடி இருட்டில் ஏறக்கூடாது.

அந்தக் கணவாயில் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. சுவிஸ் பக்கம் சத்திரம், எதிர்க்கரையில் இத்தாலி. நீங்கள் போய் அந்தக் கரையில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். பிரிப்பதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். எனக்குத் தந்த இருபது நிமிடமும் முடிந்துவிட்டது என்று செயலாளர் தன் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார். இறங்கும் நேரம் வந்தால் இறங்கிவிட வேண்டும் அல்லவா?

போய் வருகிறேன்.